மை ஊற்றுவதற்கு முன்

போலி என்று தெரிந்தேதான் முத்துமாரி அந்தப் பேனாவை வாங்கினாள். எண்பது சதவீதத் தள்ளுபடி. கடையில் அரை லட்சம் ரூபாய் சொல்லும் ஜெர்மன்காரன் மைப்பேனாவை ஒரு பட்டுச்சேலை விலைக்குக்கூட வராத காசுக்குப் போட்டிருந்தார்கள். கொரியர்க்காரர் வாசலில் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவர் எழுந்துவிடக் கூடாதே என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டே ஓடிப்போய் வாங்கினாள். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் கோந்து நாற்றம் முகத்தில் அடித்தது. பேனாவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிப்புக்குக் கீழே, மை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு வளையம் இருக்கும். உண்மையான பேனாவில் அதன் வழியாக வெளிச்சம் தேன் நிறத்தில் ஊடுருவும். இதில் கோடு கோடாகச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். வெளிச்சம் ஒரு பொட்டும் வரவில்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கடைக்குப் போய் அழுகின தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கி வந்தவளைப் போல இருந்தது.

இதெல்லாம் அவளுக்குக் கணவர் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. பெருமாள்சாமி யாரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற ஆளில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்த காலத்திலிருந்தே பேனாப் பைத்தியம். ஓய்வுக்குப் பிறகு போனில் ஒரு குரூப். ஆன்லைனில் தள்ளுபடிக்குப் பேனா வாங்குகிறவர்கள் எல்லாம் அதில் படம் போட்டு, "அண்ணாச்சி, இது நெசமா?" என்று கேட்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பேனாவையே தூக்கிக்கொண்டு ரதவீதி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர் மூடியைக் காதோரம் வைத்து மூடுகிற சத்தத்தைக் கேட்பார். லென்ஸை வைத்து நிப்பைப் பார்ப்பார். கடைசியாக வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு ஒன்று, "வச்சுக்கோ." இல்லையென்றால், "திருப்பி அனுப்பிரு." அதற்கு மேல் பேச்சில்லை. முத்துமாரி காப்பி கொண்டு வருகிறபோதும் தம்ளரை எடுக்கிறபோதும் பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான் அவளுக்கு.

ஐப்பசி வாக்கில் குரூப்பில் இருக்கிற குருவிகுளத்து மகாராஜன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுக்களைக்கே கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க வச்சுக்கோன்னு சொன்னதை நம்பித்தானே ரிட்டர்ன் போடாம வச்சேன்? மதுரைக் கடையில குடுத்தா, ஒரே சொல்லா டூப்ளிகேட்டுங்கான். நாலு பேரு முன்னால என்னை என்ன மாதிரிப் பாத்தாம் தெரியுமா?"

"மதுரைக்காரனுக்கு மல்லியப்பூவைப் பத்தித் தெரியும். பேனாவைப் பத்தி என்ன தெரியும்?" என்று இவர் சிரித்தார். அவளும் அங்கிருந்தே சிரித்தாள். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து, "நான் குளிச்சாச்சா?" என்று கேட்டபோதுதான் மகாராஜன் சொன்னது அவளுக்கு மறுபடியும் காதில் விழுந்தது.

பாளையங்கோட்டை டாக்டர், மறதி வயசோடு வருவதுதான், மற்றபடி கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார். எதைக் கவனிப்பது? சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவதையா? பால்காரரிடம் இரண்டாம் தடவை காசு நீட்டுவதையா? அதெல்லாம் போகட்டும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேனாவைப் பார்க்கிற கண் மட்டும் இருந்தால் போதும். அந்தக் கண் இருக்கிறவரைக்கும் மனிதர் உள்ளேதான் இருக்கிறார். இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் போலிப் பேனா.

அவர் எழுந்து முகம் கழுவி வந்ததும் பெட்டியை மேசையில் வைத்தாள். யாரோ பார்த்துச் சொல்லச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"விஜிதா அனுப்பிருக்கா. உங்களுக்காம்."

ஷார்ஜாவில் இருக்கிற மகள் பெயரைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். மூடியைக் காதோரம் வைத்தார். லென்ஸை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரிஜினல்ட்டி" என்றார். "எம் புள்ளைக்கி மனசைப் பாத்தியா!"

அன்று முழுக்க முத்துமாரி தன்னையே திட்டிக்கொண்டாள். மகள் அனுப்பியது என்று சொன்னால், மண்ணாங்கட்டியைக் கொடுத்தாலும் அந்த மனுஷன் ஒரிஜினல் என்றுதானே சொல்வார். தெரிந்துகொண்டே பிள்ளைக்காகச் சொன்னாரா? தெரியாமலேயே சொன்னாரா? தன் வாயாலேயே எல்லாவற்றையும் குழப்பிவிட்டாள். போதாக்குறைக்கு மகளுக்கும் போன் பண்ண வேண்டியதாயிற்று.

"அப்பா பேனா கெடச்சுதுன்னு சொன்னா, ஆமான்னு சொல்லு."

"எந்தப் பேனாம்மா?"

"சொல்லுன்னா சொல்லேன்ட்டி. உன்ட்ட அப்புறம் பேசுதேன்."

பேசவில்லை. என்னவென்று பேசுவது?

அடுத்த வாரம் கடையநல்லூரிலிருந்து முகம்மது சாதிக் வந்தார். ஜவுளிக் கடை வைத்திருப்பவர், குரூப்பில் பழைய ஆள். பெருமாள்சாமியை அண்ணாச்சி என்றும் முத்துமாரியை மைனி என்றும் கூப்பிடுவார். தங்கை மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவதற்குப் பெண் வீட்டிலிருந்து பேனா கொடுப்பது அவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பேனா சபையில் கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் மாப்பிள்ளைப் பைக்கு வரும்.

"பாதி விலைக்குக் கெடச்சுது அண்ணாச்சி. அதான் சந்தேகமா இருக்கு. மாப்பிள்ளைக்கி மூத்தவரு துபாய்ல பேனாக் கடையிலயே வேலை பாக்காரு. மூடியைத் தொறக்கதுக்குள்ள சொல்லிருவாரு. வாப்பா இல்லாத புள்ளை. போலியைக் குடுத்துத் தள்ளி விட்டானுவன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுலா? ரிட்டர்ன் போட இன்னைக்கித்தான் கடைசி. மை பட்டுட்டாலும் வித்தவன் திரும்ப எடுக்க மாட்டான்."

"குடும் வே, பாப்போம்" என்று கையை நீட்டினார் பெருமாள்சாமி.

முத்துமாரி காப்பியோடு வந்தபோது அவர் பேனாவை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அவள் நின்ற இடத்திலிருந்து வளையம் நன்றாகத் தெரிந்தது. கோடு கோடாகப் பூசிய சாயம். தன் வீட்டு அலமாரியில் இருப்பதன் கூடப்பிறந்தது. அதன் பின்னால் அவ்வளவு வெயில் அடித்தும் வளையம் தார் மாதிரி இருண்டு கிடந்தது. அந்த இருட்டுக்குள் தன் கணவர் எதையோ பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். இது மகள் அனுப்பியதில்லை. சாதிக்குக்காகப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"வச்சுக்கோ வே" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" சாதிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை பாருங்களேன்" என்றாள் முத்துமாரி. இத்தனை வருஷத்தில் அவள் இதில் வாய் கொடுத்ததே இல்லை.

"பாத்தீரா சாதிக்கு, இவளும் பேனா பாக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்து எம் பல்லைப் பாத்து ஒரிஜினலா செட்டான்னு சொல்லுவா." இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்காக அவர் மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தத் தங்கம்" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். அவர் தேறியது என்று சொன்ன பேனாவுக்கு முதல் மை அவர் கையால்தான். வந்தவர்கள் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அதை ஒரு ஆசீர்வாதமாகத்தான் வாங்கிப் போவார்கள். நீல மைப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினார். சாதிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிப்பு புட்டியின் வாய்க்கு வந்துவிட்டது.

"அந்த மை கெட்டுப்போச்சு" என்றாள் முத்துமாரி.

பேனா நின்றது.

"என்னட்டி சொல்லுத?"

"காலையில பாத்தேன். பாசி பிடிச்சாப்புல இருக்கு. புதுப் பேனாவுக்குள்ள அதைப் போயி ஊத்தாதிய."

கெட்ட மையை எந்தப் பேனாக்காரரும் பேனாவுக்குள் விடமாட்டார். அவர் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நிப்பை வேட்டியில் ஒருமுறை துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "அப்ப கடையில நல்ல மையா வாங்கி ஊத்திக்கிடும்" என்று பேனாவைச் சாதிக்கிடம் கொடுத்தார்.

வண்டிவரைக்கும் போய் வழியனுப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை. செருப்புப் போடாமலே பின்னால் போனாள்.

"தம்பி, அதை இப்பமே திருப்பி அனுப்பிருங்க."

சாதிக் சாவியைப் போட்ட கையை எடுக்கவில்லை. "அண்ணாச்சி வச்சுக்கோன்னு சொன்னாரே மைனி?"

"அவுக சொன்னது சரியில்ல."

சொன்ன பிறகுதான் அது வெளியே போய்விட்டது அவளுக்கு உறைத்தது. மகளிடம் சொல்லாதது, டாக்டரிடம் சொல்லாதது, நடுத்தெருவில் ஜவுளிக் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. சாதிக் சாவியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எப்பத்துல இருந்து மைனி?"

"எனக்கே இன்னைக்கித்தான் தெரியும்."

"யா அல்லாஹ்." அவர் பெட்டியைப் பைக்குள் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. குரூப்ல எறநூறு பேரு இருக்கோம். நாளைக்கி இன்னொருத்தன் நம்பி வச்சுக்கிடுவாம்லா? யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

சொல்ல வேண்டும்தான். அதைக் குரூப்பில் படித்துவிட்டுப் பெருமாள்சாமி லென்ஸை வைத்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருப்பார்? சாதிக் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஸலாம் சொல்வது போலக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே வந்தபோது பெருமாள்சாமி நாற்காலியில் இல்லை. பின்கட்டில், துவைகல் பக்கத்தில் மைப் புட்டியோடு நின்றிருந்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஆமாட்டி. நாத்தம் அடிக்கு" என்றார். "இத்தனை நாளா எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அவளிடம் நீட்டினார். அவளும் மோந்தாள். போன மாதம் வாங்கிய மை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைவிரலில் வருகிற வாசம், அவ்வளவுதான். நல்ல மைதான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால், எதற்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்.

அவர் புட்டியைக் கவிழ்த்தார். நீலம் குபுகுபுவென்று துவைகல்லில் விழுந்தது.

"இரு, வாரேன்" என்று உள்ளே போனவர் மிச்சமிருந்த புட்டிகளையும் வேட்டி மடிப்பில் அள்ளிக்கொண்டு வந்தார். கருப்பு, பச்சை, ஊருக்கே அவர் ஒருத்தர்தான் வைத்திருக்கிற செங்காவி. ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் வரிசையாக வைத்தார். முதல் புட்டியின் மூடியைத் திருகி எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதையும் பாத்துச் சொல்லு. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

முத்துமாரி புட்டியைக் கையில் வாங்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்கவுமில்லை. கல்லிலிருந்து இறங்கிய நீலம் வாய்க்காலுக்கு வழி தெரியாமல் சிமெண்டுத் தரையில் பரவி, அவருடைய வெறுங்காலைச் சுற்றி வந்து, விரல்களுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.