காதில் விழாத ஐந்நூறு

பொலிஸ் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அதிலும் என் கணவர் விஜிதரன். கோயில் மண்டபத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அப்படிப்பட்டவர், சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள், தேத்தண்ணி வேண்டும் என்பதைக்கூட ரகசியம் போலச் சொன்னார்.

"சத்தம் போடாதையும் கோசலா, ஆரோ படியில வருகினம்."

வந்தது கீழ்வீட்டுக் கிழவியின் பூனை. வேறு நேரமென்றால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் அவரைக் கேலி செய்திருப்பேன். அன்று முடியவில்லை. நானும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நடந்தது இதுதான். எங்கள் அம்மன் கோயில் ஒரு தொழிற்பேட்டையில், டயர் மாற்றும் இடத்துக்கும் தளபாடக் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது. திருவிழா முடிகிற நாளில் அம்மனுக்குப் படைத்த பொருட்களை ஏலம் விடுவோம். மாம்பழம், தேங்காய், எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேரன்று அம்மன் உடுத்தியிருந்த சேலை. கடையில் சில்லறைக்கு வாங்கக்கூடிய மாம்பழத்தை நூறு பிராங்குக்குக் கேட்பார்கள். பழத்துக்காகவா கேட்கிறார்கள்? அம்மன் வீட்டுக்கு வருகிறாள் என்ற சந்தோஷத்துக்காகக் கேட்கிறார்கள். வருகிற காசு மண்டப வாடகைக்குப் போகும். ஏலம் கூறுவது விஜிதரன். அதற்குச் சம்பளம் இல்லை, ஒரு பொன்னாடைகூடப் போர்த்தியதில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக வருசம் முழுக்கக் குளிர்பானம் குடிக்காமல் தொண்டையைப் பார்த்துக்கொள்வார்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி. ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது எஃப் அட்டை. தற்காலிகமாக இரு, நாடு சரியானால் திருப்பி அனுப்புவோம் என்கிற அட்டை. நிரந்தரமாக மூச்சுவிட பி அட்டைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். உங்கள் பெயரில் ஒரு குற்றமும் பதிவாகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாகனமும் இல்லாத தெருவில், பச்சை விளக்கு வரும்வரை நான் தனியே நின்ற காலம் அது. அப்படி ஒரு பயம்.

அன்று சேலை ஏலம் சூடு பிடித்திருந்தது. விஜிதரன் சேலையைக் கைகளில் ஏந்தியபடி மண்டபத்தைப் பார்த்தார்.

"யோகராஜா அண்ணை நானூறு! தேருக்கு உடுத்த சேலையப்பா, ஆர் மேல கேக்கிறது?"

"ஐந்நூறு" என்றார் மகேந்திரன்.

மகேந்திரன் ஓர்லிகோனிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர். ஒவ்வொரு வருசமும் சேலையைக் கேட்பார். ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் முன்னுக்கு வந்து நிற்பார். முதலில் கதவடியில் நின்றார், போன வருசம் நடு மண்டபத்தில் நின்றார். இந்த முறை கை நீட்டினால் விஜிதரனைத் தொடலாம், அவ்வளவு கிட்ட.

"நானூறு ஒருதரம்" என்றார் விஜிதரன், மகேந்திரனின் தலைக்கு மேலால் பார்த்து.

"அண்ணை, ஐந்நூறு."

"நானூறு ரெண்டுதரம். நானூறு மூண்டுதரம்! சேலை யோகராஜா அண்ணைக்கு!"

காரணம் சாதி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மகேந்திரனின் ஆட்களுடைய கைக்கு அம்மன் சேலை போகக்கூடாது என்பது கோயில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையின் விருப்பம். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மைக்கில் சொன்னதுமில்லை. அந்த நேரம் பார்த்து ஏலம் கூறுகிறவருக்குக் காது அடைத்துப் போகும், அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் இருந்த எங்களுக்கும் சேர்த்தே அடைத்துப் போனது.

அடுத்ததாக எலுமிச்சம்பழம் வந்தது. அதோடு பொலிசும் வந்தது. ஓர் ஆணும் ஓர் இளம் பெண்ணும். ஸ்பீக்கர் சத்தம் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தில் யாரோ அறிவித்திருக்கிறார்கள். மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணைக்கோ பயம் வந்தால் உபசாரமும் கூடவே வரும். இரண்டு தட்டில் பொங்கலும் வடையும் போட்டுக்கொண்டு ஓடினார். எல்லாரும் ஏலம் கேட்கலாம், நீங்களும் கேளுங்கள் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவர்களைக் கரைச்சல் படுத்தினார். கடைசியில் அந்தப் பெண் வெட்கத்தோடு, கதவடியில் நின்றபடியே, "ஃபுன்ஃப்" என்றாள். ஐந்து. வாய்க்குள்தான் சொன்னாள்.

விஜிதரனுக்கு அது நன்றாகக் கேட்டது. "ஐஞ்சு பிராங் மூண்டுதரம்!" என்று கத்தி, பழத்தை அவளுக்கே கொடுத்தனுப்பினார். சனம் கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் மற்றப் பொலிஸ்காரர் கேட்டார்: பகிரங்க ஏலம் விடுவதற்கு அனுமதி எடுத்திருக்கிறீர்களா? இதை நடத்துவது யார்? இந்த நாட்டில் அதற்கு அனுமதி தேவை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் விடுகிற ஏலத்துக்கு அம்மனைக் கேட்டால் போதும் என்றுதான் இருந்தோம். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை தட்டைப் பிடித்திருந்த கையாலேயே என் கணவரைக் காட்டினார். பொலிஸ்காரர் விஜிதரனின் எஃப் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

பிறகு விஜிதரன் தலைவருக்குப் போன் எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் பதில் கேட்டது.

"கோயிலை இதுக்குள்ள இழுக்காதையும் தம்பி. மைக் உம்மட கையிலதானே இருந்தது."

பொங்கல் தட்டு உங்கட கையிலதானே இருந்தது என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பயம் விடவில்லை. அவரையும் பகைத்துக்கொண்டால் நாளைக்கு எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல யார் இருக்கிறார்கள்?

கோயில் இருக்கிற ஊரின் கெமைண்டேயிலிருந்து, அதாவது ஊராட்சி அலுவலகத்திலிருந்து, போனில் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு வரவேண்டும், மொழிபெயர்ப்பாளரை நாங்களே ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். விஜிதரன் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. வேலைக்குப் போகிற ரயிலில் சீருடை போட்ட டிக்கெட் பரிசோதகரைக் கண்டு, டிக்கெட் கையில் இருக்கும்போதே அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டாராம். திருப்பி அனுப்பினால் எங்கே போவது? பாதையே இல்லாத ஊருக்கு எப்படிப் போவது? இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம். இரண்டு பேரும் அதைக் கதைக்கவில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். அங்கே எங்களுக்குப் பொறுப்பான அம்மா இந்நாட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். நான் படுக்கை விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடிப்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தாமலே விளக்கினார். தன் ஊரிலும் பண்ணை மாடுகளை ஏலம் விடுவார்களாம். யாரும் வந்து கேட்கலாம் என்றால் அது பகிரங்க ஏலம், அதற்குத்தான் அனுமதி. தெரிந்தவர்களுக்குள் மட்டும், மற்றவர்கள் கேட்க முடியாது என்றால் அது வேறு விஷயமாம்.

எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து விஜிதரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"கேட்டால் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கேலாது, எங்கட ஆக்கள் மட்டும்தான். அதுக்கு மேல வாயைத் திறக்காதேங்கோ."

"எல்லாரும் கேக்கேலாது" என்று அவர் சொல்லிப் பார்த்தார். குளிக்கும்போதும் சொன்னார், சப்பாத்து மாட்டும்போதும் சொன்னார். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கெமைண்டேயின் படியேறினோம்.

அறைக்குள் ஃபிராவ் லூத்தி என்ற பெண் அதிகாரி இருந்தார். நரைத்த தலை, கண்டிப்பான முகம். அவருக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டோடு, மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மகேந்திரன்.

அவர் இந்த வேலை செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. கோயிலில் யாரும் அவரை என்ன வேலை என்று கேட்டதில்லையே. இனி நாங்கள் சொல்வதெல்லாம் அவருடைய வாயால்தான் வெளியே போகும். ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் எங்கள் கதை முடிந்தது. அவர் இடத்தில் நானாக இருந்தால் மாற்றித்தான் போட்டிருப்பேன், அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம்.

"வணக்கம் அண்ணை, வணக்கம் அக்கா. இருங்கோ" என்றார் மகேந்திரன்.

ஃபிராவ் லூத்தி கேட்டார். மகேந்திரன் விஜிதரனை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அங்க வந்த எல்லாரும் ஏலம் கேக்கலாமோ எண்டு கேக்கிறா."

விஜிதரன் தொண்டையைச் செருமினார். இத்தனை நாளும் மனப்பாடம் செய்த வசனம் இரண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது.

"எல்லாரும் கேக்கேலாது. எங்கட ஆக்கள் மட்டும்."

மகேந்திரன் அதை ஜெர்மனில் சொன்னார். ஃபிராவ் லூத்தி புருவத்தைத் தூக்கி ஏதோ நீளமாகச் சொன்னார். எலுமிச்சம்பழம் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பழத்தை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

"பொலிஸ்காரப் பிள்ளைக்கு நீங்களே பழம் குடுத்தனீங்களாம். எல்லாரும் கேக்கலாம் எண்டு தலைவரே சொன்னவராம்" என்றார் மகேந்திரன். "அப்ப ஆர் கேக்கேலாது எண்டு கேக்கிறா. ஒராளையாவது சொல்லட்டாம். அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டால் இது பகிரங்க ஏலம்தானாம். மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வருமாம்."

விஜிதரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்தேன். பி அட்டை போகப் போகிறது, எஃப் அட்டையும் போகப் போகிறது, எங்களை விமானத்தில் ஏற்றப் போகிறார்கள். என் தலைக்குள் வேறொன்றும் இல்லை. நீதி நியாயம் எதுவும் இல்லை. வெறும் பயம் மட்டும்தான் இருந்தது.

"இவர்" என்றேன், மகேந்திரனைக் காட்டி. "இவர் கேட்டால் நாங்கள் எடுக்கிறேல்லை."

மகேந்திரனின் கையில் இருந்த பேனா மேசையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபிராவ் லூத்தியின் பக்கம் திரும்பினார். அவருடைய வேலை நாங்கள் சொன்னதைச் சொல்வது. சொன்னார்.

"இஹ்" என்றார். ஜெர்மனில் அதற்கு 'நான்' என்று அர்த்தம்.

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. நீங்களா என்று கேட்டார். ஆமாம், நான்தான் என்றார் அவர். அடுத்து அந்த அம்மா கேட்டதை, ஏன் என்றுதான் கேட்டிருப்பார், மகேந்திரன் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. தானே ஜெர்மனில் ஏதோ சொன்னார், இரண்டு மூன்று வசனம் இருக்கும். ஃபிராவ் லூத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். வந்தபோது இருந்த கண்டிப்பு அந்த முகத்தில் இல்லை. அதைவிடக் கேவலமான ஏதோ ஒன்று இருந்தது, எங்களைப் பார்க்கவே பிடிக்காதது போல. பிறகு சுருக்கமாகப் பேசினார்.

"வழக்கு இல்லை, நீங்கள் போகலாமாம்" என்றார் மகேந்திரன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அடுத்த வருசம் ஏலம் விடுறதெண்டால் முதலே அனுமதி எடுக்கட்டாம். எடுத்தால், வாற எல்லாற்ற விலையையும் எடுக்கவேணுமாம்."

வெளியே வந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லமாட்டேன், குதிக்க வேண்டும் போல இருந்தது. வெட்கம் கடைசிப் படியில்தான் வந்தது. மகேந்திரன் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். விஜிதரன் நின்றுவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. இனி ஒண்டும் வராது" என்றார் மகேந்திரன். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார், பிறகு திறந்தார். "இவ்வளவு காலமும் என்ர மனிசியிட்ட நான் ஒண்டுதான் சொல்லுறனான். மண்டபத்தில சத்தம் கூட, அண்ணையின்ர காதில விழேல்லை எண்டு. அதுதான் வருசா வருசம் முன்னுக்கு வந்து வந்து நிண்டனான்."

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் நானும் நாலு சொல் சொல்லியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். அவர் திட்டவில்லை.

விஜிதரன் வாயைத் திறந்தார். "தம்பி" என்பதுபோல உதடு அசைந்தது. கடைசி வரிசைக்குக் கேட்கும் அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மறுபடி முயன்றார். அப்போதும் வெறும் காற்றுத்தான் வந்தது.

மகேந்திரன் ஓரடி முன்னுக்கு வந்து, காதைக் கொடுத்துக் குனிந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. நான் நிக்கிறன்."