மேஸ்திரியின் தட்டு

பூனைக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவன் கொத்தனார்தான். தான் ஒரு வேலையும் செய்யாமல், செய்கிறவனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

மனைவி முழுகாமல் இருந்தாள். மாமியார் பையோடு வந்து இறங்கியதும் முதல் பேச்சே அதுதான்.

"புள்ளைத்தாச்சி இருக்கிற வீட்ல பூனை எதுக்கு? யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

மனைவி பூனையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நர்ஸக்கா பூனையைச் சொல்லலம்மா. அதோட பீயிலதான் கிருமி இருக்குமாம். நான் தொடாம, வேற யாராச்சும் தினம் அள்ளிப் போட்டா போதுமாம்."

"தினம் யாருடி அள்ளுவா?"

"நான் அள்ளறேன் அத்தை" என்றான் கொத்தனார். சாக்கடைத் தொட்டி கட்டிய கை. இதென்ன மலையைப் புரட்டுகிற வேலையா?

மறுநாள் காலை, பின்வராந்தாவில் பூனை வெளிக்கிருக்கும் தட்டில் இருந்த, கடையில் வாங்கிய பூனை மண்ணை அப்படியே கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். இறங்கவில்லை. இன்னொரு வாளி ஊற்றினான். விளிம்புவரை ஏறி நின்றது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு கேட்டு வந்தப்ப கொத்தனார்னுதான் சொன்னாங்க. கக்கூஸைப் பூசி மூடுற கொத்தனார்னு சொல்லலையே!"

உள்ளே மனைவி சிரித்தாள்.

"இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சு, நானே அதைச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் விட்டுடுவேன்" என்றாள் மாமியார். மனைவியின் சிரிப்பு நின்றது.

கொத்தனார் ரப்பர் உறை மாட்டிக் கையை முழங்கைவரை கக்கூஸுக்குள் விட்டான். கையோடு வந்தது கெட்டிக் களிமண். ஈரம் பட்டால் இறுகுவதற்கென்றே விற்கிற மண். சிமென்ட் கலவைச் சட்டியைச் சாக்கடைக் குழாயில் கழுவி ஊற்றாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறான்! குழாயைக் குத்தி எடுப்பதற்குள் அன்றைய கூலி வேலை போயிற்று.

அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. உறை மாட்டி, மண்ணில் இறுகிய கட்டியைக் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு முடிச்சு, அதன்மேல் இன்னொரு பை, இன்னொரு முடிச்சு. பை, வாசலில் மூடி போட்ட பெயிண்ட் வாளிக்குள். குப்பை வண்டி வந்தால் அதில். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். காய்ச்சல் அடித்த அன்றும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அள்ளினான்.

மாமியார் தினமும் வாளியருகே போய் மோந்து பார்த்தாள். குறை சொல்ல நாற்றம் கிடைக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலை, அவன் இன்னும் பாயில் கிடந்தான். பின்வராந்தாவிலிருந்து அவள் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, எந்திரிங்க. உங்க மேஸ்திரி வேலையை முடிச்சிட்டாரு. சித்தாளு எங்கன்னு தேடுறாரு."