சொல்லாமல் மாட்டக் கூடாது

“‘போகாதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன்.”

“நான் சொல்லித்தான் இருக்கணுமா? உங்களுக்கா தோணாதா?”

“வாய்விட்டுக் கேட்டாத்தானே தெரியும், வாத்தியாரம்மா!”

கல்யாணமான மூன்றாம் வாரம், பேருந்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபடி கணவன் சொன்னது. தொலைதூரத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மாதத்துக்கு நான்கு நாள்தான் வீடு. கேட்டால் இருந்துவிடுவான் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் பிறகு என்றைக்காவது ‘எல்லாம் உன்னாலதான்’ என்று ஒரு சொல் விழுந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே அவன்தான் பேச்செடுத்தான்: இங்கே கிடங்கில் ஒரு வேலை காலியாம், துறைமுகத்து ஒப்பந்தத்தாளும் வந்துவிட்டது, இன்னும் மூன்று வருடத்துக்கு, மதியம் பேருந்து ஏறுவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் “ம்” என்றாள். அதோடு பள்ளிக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

இரண்டாம் வகுப்பில் சுவருக்குச் சுவர் துணி காயப்போடும் கொடி. அதில் சொல் அட்டைகள் தொங்கின. சொல்லுக்கு முன்னால் ஒட்டும் துண்டுக்கு நீலக் கிளிப், பின்னால் ஒட்டுவதற்குச் சிவப்பு. வகுப்புக்கு ஒரே சட்டம்: ஒட்டினால் என்ன பொருள் வரும் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சொல்லாமல் மாட்டினால், மாட்டியவர் தோளில் கிளிப் ஏறும்.

“‘சுத்தம்’ முன்னால ‘அ’ போட்டா அசுத்தம். எங்க அண்ணன் சாக்ஸு!” என்றான் ஒருவன்.

“‘தோட்டம்’ பின்னால ‘காரர்’ வந்தா?”

“தோட்டத்தைப் பாத்துக்கறவரு!”

முன்பல் இரண்டும் விழுந்த பொக்கைவாய்ச் சிறுமி எழுந்தாள். “டீச்சர், ‘வீட்டுப்பாடம்’ முன்னால ‘அ’ போட்டா வீட்டுப்பாடமே கிடையாது. சொல்லிட்டேன், மாட்டலாமா?”

வகுப்பே கைதட்டியது.

“எல்லாச் சொல்லும் எல்லாத் துண்டையும் சேத்துக்காதுடி கண்ணு. உன் பக்கத்துல யார் உக்காந்தாலும் சேத்துக்குவியா?”

“இவனைச் சேத்துக்க மாட்டேன்.”

“அதேதான்.”

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம். பயணப்பையோடு கணவன்.

“வீட்டுக் கொடியில ஒரு கிளிப்கூட இல்ல. என் சட்டை பக்கத்து மொட்டைமாடியில குடியேறிடுச்சு. திருட்டுக் கையை இங்கதான் பிடிக்க முடியும்னு வந்தேன்.”

“டீச்சரோட வீட்டுக்காரர்டா!” பின்வரிசையில் ஒரு குரல்.

“அப்படின்னா வீட்டைப் பாத்துக்கறவரா?” என்றாள் பொக்கைவாய்.

“மாசத்துக்கு நாலு நாள் பாத்துக்கறவரு,” என்றான் கணவன்.

“மீதி நாளெல்லாம்?”

அவன் சிரித்து மழுப்பினான். சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தாளை எடுத்து மனைவியிடம் நீட்டினான். “ஒருதரம் பாத்துட்டு ஒரு பேனா குடு. கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே கிளம்பறேன்.”

டீச்சர் தாளை வாங்கினாள். பார்க்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவும் இல்லை. கை தானாக உயர்ந்தது. கொடியில் தாளை வைத்து, சிவப்புக் கிளிப்பால் இறுக்கிக் கவ்வவிட்டாள்.

வகுப்பே எழுந்து நின்றது.

“டீச்சர்! சொல்லாம மாட்டிட்டீங்க!”

பொக்கைவாய் பெஞ்சின் மேல் ஏறினாள். கொடியிலிருந்து கிளிப்பைப் பறித்து டீச்சரின் தோளில் மாட்டினாள். தாள் மிதந்து வந்து மேசைக்கடியில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“இப்ப சொல்லுங்க.”

டீச்சரின் உதடு அசைந்தது.

“கேக்கல டீச்சர்! உரக்க!”

கணவன் முகத்தில் சிரிப்பைக் காணோம். ஒரு கால் வகுப்புக்குள், ஒரு கால் வாசலுக்கு வெளியே. அன்றைக்கு நின்ற அதே நிலை. ‘உன்னாலதான்’ என்று சொன்னால் சொல்லட்டும். ஆமாம், என்னாலதான் என்று பதில் சொல்லிவிடலாம்.

தோளில் சிவப்புக் கிளிப்போடு, பெஞ்சுக்கெல்லாம் கேட்கும்படி டீச்சர் சொன்னாள்:

“போகாதீங்க. இங்கயே இருந்துடுங்க.”