பத்திரிகைக்கு நாலு வரி

"மூணு மணிக்கு மேல பேப்பர்ல மரண விளம்பரம் வாங்க மாட்டாங்களாம்மா," என்றபடி அண்ணன் தங்கையிடம் இரண்டாவது தடவையாகப் படியேறினான். விடியற்காலையில் அப்பா போனதிலிருந்து நாற்பது பேருக்காவது போனில் சொல்லியிருப்பான். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

தங்கை மாடிப்படித் திருப்பத்தில், காதடைப்பானை மாட்டிக்கொண்டு, மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் உட்காருவதை விட்டுப் பல வருடமாகிறது. அவள் எழுதும் கதைகளிலும் யாரும் கதவைச் சாத்துவதில்லை. விமர்சகர் ஒருவர் அதைப் புது உத்தி என்று பாராட்டியிருந்தார்.

சின்ன வயதில் அப்பாவின் துணிக்கடையில் அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். அவளுக்கு முப்பது வயதானபோது ஒரு மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அப்பா அவளுக்கு ஒன்பது வயதிலேயே பெயர் வைத்துவிட்டார்: திமிர். அதற்கு மருந்து, கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு.

அவள் எழுதியிருந்த தாளை அண்ணன் வாங்கிப் படித்தான்.

'எங்கள் அப்பா இன்று காலை இறந்தார். நாற்பத்தாறு வருடம் துணி விற்றார். ஒருநாளும் அளவு குறைத்து வெட்டியதில்லை. மகளைக் கிடங்கில் பூட்டி வைப்பார். சாவி மகனிடம் இருக்கும்.'

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தான்.

"இதப் போட முடியாதும்மா."

"ஏன், பொய்யா?"

"பொய்னு யாரு சொன்னா? அந்த வரிய மட்டும் எடுத்துடேன்."

"எந்த வரி? பூட்டினதா, சாவியா?"

சாவி அவன் கையில் இருந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கீழே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"ரெண்டும்," என்றான்.

வியாபாரி பெற்ற பிள்ளைகள். ஒன்றைக் கொடுக்காமல் ஒன்று நகராது.

"அப்ப 'அன்பான' கிடையாது. அத்தை கேட்டாலும் கிடையாது."

"சரி."

"'ஆழ்ந்த துயரத்துடன்', அதுவும் கிடையாது. உனக்குத் துயரமா இருக்காண்ணா?"

யோசித்துப் பார்த்தான். "களைப்பா இருக்கு."

"அத வேணா போடட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. கீழிருந்து இரண்டு தலைகள் நிமிரவே அதை இருமலாக்கினான். அவள் இரண்டு வரிகளையும் அடித்தாள்.

"கதை கதையா எழுதித் தள்ளுறவளுக்குப் பெத்தவனுக்கு நாலு வரி எழுத என்ன கேடு?" என்றாள் அத்தை கீழ்ப்படியில் நின்று.

"எழுதிட்டா அத்தை." அவன் அங்கேயே நின்று பத்திரிகைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு வாசித்தான்.

விளம்பரப் பிரிவுக்காரர் திருப்பிப் படித்துக் காட்டினார். "சார், 'அன்பான' விட்டுப்போச்சு போலிருக்கே. எல்லாரும் போடுறதுதான். சேர்த்துக்கவா?"

அத்தைக்கும் அது கேட்டது. "சேர்க்கச் சொல்லுடா. ஊரு என்ன பேசும்?"

தங்கை காதடைப்பானைக் கழற்றியிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை, பேனா மூடியைப் பார்த்தாள்.

"விட்டுப்போகல சார். இருக்கறபடியே போடுங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அவனுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. யார் தொட்டாலும் அவளுக்கு ஆகாது. அதே படியில், சுவரோரமாய், இடைவெளி விட்டு உட்கார்ந்தான். நடுவில் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அவள் அதை எடுத்துத் தனக்கு மறுபக்கம் வைத்தாள், நடுவில் எதுவும் இல்லாதபடி.