ஊசித் தட்டு யார் கையில்?

அமைச்சகத்து ஆய்வுக் குழு வந்துவிட்டது என்று கீழ்த்தளத்திலிருந்து செய்தி வந்ததும் நெவென்கா வார்டுக்கு விரைந்தாள். மாரிபோர் நகரின் அந்த மருத்துவமனையில் செவிலியர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. புதிய பதிவுச் சட்டப்படி, கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள் இனி வெறும் உதவியாளர்கள். சங்கம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. செவிலியர் வேலையை உண்மையிலேயே செய்கிறவர் என்பதைக் குழு வார்டுக்கு வந்து கண்ணால் பார்த்தால், பதிவு உண்டு.

குழு இன்று பார்க்கவேண்டிய முதல் ஆள் போலோனா. நெவென்காவின் நாத்தனார். பள்ளிப் படிப்போடு வார்டுக்கு வந்தவள். சட்டப்படி அவள் ஊசியைத் தொடக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அண்ணி, பயமா இருக்கு."

"இருக்கட்டும்டி. லோய்ஸே தாத்தாவுக்கு டிரிப்ஸ் ஏத்தணும், அவ்வளவுதானே? தினமும் செய்யறதுதான்."

"தாராளமா குத்தும்மா," என்றார் கட்டிலில் கிடந்த லோய்ஸே. "உனக்காக வலிக்கலேன்னே சொல்றேன்."

கதவு திறந்தது. அமைச்சகத்து அதிகாரி லாவ்ரிச், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இன்னும் இருவரோடு நுழைந்தார்.

அந்த அட்டையைப் பார்த்ததுதான் தாமதம், போலோனா ஊசித் தட்டை நெவென்காவின் கையில் திணித்துவிட்டு, "வாங்க சார், காபி கொண்டாறேன்" என்று வெளியே ஓடிவிட்டாள். ஆய்வாளர் வந்தால் எப்போதும் அப்படித்தான். பட்டம் பெற்றவள் தட்டை வாங்கிக்கொள்வாள், மற்றவள் காபி போடப் போவாள். மாட்டிக்கொள்ளாமலிருக்க வார்டே பழகி வைத்திருந்த தந்திரம்.

லாவ்ரிச் புருவத்தை உயர்த்தினார். "ஊசி போடறது நீங்க, காபி போடறது அவங்க. சரி, பாத்தாச்சு."

உண்மையைச் சொன்னால் நெவென்காவின் பதிவே போகலாம். சொல்லாவிட்டால் போலோனாவும், அவளுக்குப் பின்னால் காத்திருக்கும் அத்தனை பெண்களும் போனார்கள்.

"சார், நீங்க பாத்தது பொய். உங்களை மாதிரி யாராவது வந்தா ஓடிடணும்னு நாங்கதான் பழக்கி வெச்சோம். வர்றவங்க முன்னாடி நான் தட்டோட நிப்பேன். அவங்க போனதும் ஊசி போடறது அவதான்."

"உங்க மேலயே விசாரணை வரும், தெரியுதா?"

"தெரியுது." கதவுப் பக்கம் திரும்பி, "போலோனா! காபியை அங்கேயே விட்டுட்டு வாடி!" என்று கத்தினாள்.

போலோனா வெளுத்த முகத்தோடு ஓடி வந்தாள். "அண்ணி... கால் தானா போயிடுச்சு..."

"கையைக் கழுவு."

கழுவினாள். கையுறை மாட்டினாள். முதல் குத்தில் நரம்பு நழுவியது.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு," என்று லோய்ஸே அதை நீட்டினார்.

இந்தமுறை போலோனா அவசரப்படவில்லை. விரலால் தடவி, நிதானித்து, குத்தினாள். குழாயில் மருந்து சொட்டத் தொடங்கியது. லாவ்ரிச் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவங்களுக்குப் பதிவு கொடுக்கலாம்னு எழுதறேன். நீங்க சொன்னதையும் எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க சார்."

அவர்கள் அடுத்த வார்டுக்குப் போனதும் போலோனா அழுதே விட்டாள். "ராத்திரி அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க அண்ணி?"

"உங்க தங்கச்சி நர்ஸாயிட்டான்னு சொல்றேன்," என்றாள் நெவென்கா. "மிச்சத்தை நீ சொல்லு. நீ சொன்னா கத்த மாட்டாரு."