வாடகைக்கு விட்ட வீட்டில் கண் விழித்தவர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் ஆவணி மாசத்தில் ஒரு புதன்கிழமை, அம்மையார்குப்பத்தில் பாய் விரித்துப் படுத்த பரந்தாமனும் அவன் பெண்டாட்டி காஞ்சனாவும் மறுநாள் காலையில் திருத்தணியில் கண் விழித்தார்கள். நடுவில் ஒரு மணி நேர பஸ் தூரம். விழித்த இடம் அவர்களுடைய சொந்த வீட்டுக் கூடம்தான். ஆனால் அந்த வீட்டை முந்தின நாள்தான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வரதராஜனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். உள்ளங்கையில் பல்பொடியோடு வந்த வரதராஜன், தன் பிள்ளைகளுக்கு நடுவே வீட்டுச் சொந்தக்காரர்கள் படுத்திருப்பதைப் பார்த்தார். வாடகை கேட்க இவ்வளவு சீக்கிரமாகவா வருவார்கள் என்று அவருக்கு மனசு நொந்துபோனது.

காஞ்சனா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே வாடகை வீடுகளில். அம்மையார்குப்பத்தில் தறிக்கொட்டகையை ஒட்டி அவர்கள் குடியிருந்த வீடும் ஞானம்மாள் என்பவள் வாடகைக்கு விட்டதுதான். சுவரில் ஆணி அடித்தால் சண்டை, விருந்தாளி ஒரு வேளை கூடுதலாகத் தங்கினால் சண்டை, கிணற்றில் தண்ணீர் சேந்தினால் கயிறு தேய்கிறது என்று சண்டை. சாவதற்குள் ஒருத்தராவது தன்னை வீட்டுக்காரம்மா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் காஞ்சனாவின் ஆசை. அதற்காகவே வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், பரந்தாமன் ஒரு விசைத்தறியை விற்றான், திருத்தணி மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்று அவர்கள் பெயருக்கு வந்தது. பிழைப்பு தறியோடு என்பதால் அங்கே குடிபோக முடியாது, வாடகைக்குத்தான் விட வேண்டும். வீடு வாங்கி வாடகைக்கு விடுவது இரண்டு பேருக்குமே புதுசு. குடிவருகிறவர்கள்தான் பால் காய்ச்ச வேண்டும். காஞ்சனாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. பத்திரம் பதிவான அந்தப் புதன்கிழமையே, வரதராஜன் சாமான் இறக்குவதற்குள் அடுப்பு மூட்டித் தானே காய்ச்சினாள். பால் நாலு பக்கமும் பொங்கி வழிய, கைதட்டிக் குதித்தாள். வீடு என்னத்தைக் கண்டது? இவர்கள்தான் குடியிருக்க வந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டது. அதன்மேல் குற்றமே சொல்ல முடியாது. பின்னால் வந்த குடித்தனக்காரர்களும் காய்ச்சித்தான் பார்த்தார்கள். ஒருத்தர் பாலும் பொங்கவில்லை, விறகு செலவானதுதான் மிச்சம்.

தினமும் விடிந்தால் இவர்கள் கூடத்தில் படுத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வரதராஜன் ஒரு வாரத்தில் காலி செய்தார். அடுத்து வந்தவர்கள் அதுவரைகூடத் தாங்கவில்லை. பரந்தாமன் யோசித்து, பாவு நூலை முறுக்கி இரண்டு பேர் காலையும் தறியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தான். விடிந்தபோது தறியும் திருத்தணிக் கூடத்தில் நின்றது. அதைத் திரும்பக் கொண்டுபோக லாரி பிடிக்க வேண்டியிருந்தது. தரகர் வேதாசலம் வந்து, இந்தச் சங்கடமெல்லாம் உங்களுக்கு எதற்கு, பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பரந்தாமனுக்கு மனசு ஆடிவிட்டது.

"குடுத்துட்டா, நான் கட்டையில போற வரைக்கும் குடக்கூலிக்காரிதான் பாவா" என்று காஞ்சனா புருஷனிடம் அழுதாள். இன்னும் ஒரே ஒரு குடித்தனம் வைத்துப் பார்ப்போம், அவர்களும் போனால் விற்றுவிடுவோம் என்று முடிவானது.

அப்படி வந்தவள்தான் கௌரியம்மாள். புருஷன் தங்கவேல், அம்மையார்குப்பம் வழியாகப் போகும் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் கண்டக்டர். முதல் நாள் காலையில் கூடத்தில் இரண்டு பேர் கூடுதலாகப் படுத்திருப்பதைக் கண்ட கௌரியம்மாள், வந்தது வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்றாள். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை போட்டாள். "கொஞ்சம் நல்ல புடவையா கட்டிகினு படு யக்கா. காலங்காத்தால எங்க வூட்டுக்கு நாலு பேர் வந்து போறாங்க." அதிலிருந்து காஞ்சனா பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு படுத்தாள். பரந்தாமன் இஸ்திரி போட்ட சட்டையோடு மல்லாந்து படுத்தான், கசங்கக் கூடாதே. அம்மையார்குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காப்பி குடித்துவிட்டுத் தங்கவேலின் பஸ்ஸிலேயே ஊர் திரும்புவார்கள். ஒரு நாள்கூட அவன் டிக்கெட் கிழிக்காமல் விட்டதில்லை. காஞ்சனாவுக்கு மட்டும் உள்ளுக்குள் உதைப்பு. இன்றைக்குக் காலி செய்கிறேன் என்பாளோ, நாளைக்கு என்பாளோ என்று தினமும் கௌரியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் லுங்கி சரக்கு அவசரமாகக் கேட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் தறி ஓட்டினார்கள். தூங்கவில்லை, அதனால் திருத்தணிக்கும் போகவில்லை. அங்கே கௌரியம்மாள் இரண்டு டம்ளர் காப்பியோடு காத்திருந்து, அது ஆறிப்போனதும் பயந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனின் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கொட்டகை வாசலில் அவளைக் கண்டதும் காஞ்சனா தன் தறியை நிறுத்தினாள். சாவியைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக் கயிற்றுக்காகச் சண்டை பிடிக்க வந்திருந்த ஞானம்மாள் வாசலை மறித்தாள். "யாரும்மா நீ? யாரக் கேட்டு உள்ள போற?"

"எங்க வூட்டுக்காரம்மா இன்னிக்கு எழுந்து வரல. உடம்புக்கு என்னமோ ஏதோன்னு பாக்க வந்தேன். கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் கௌரியம்மாள்.

ஞானம்மாள் தள்ளி நின்றாள். காஞ்சனா தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கௌரியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். விக்கல் வரும் வரைக்கும் சிரித்தாள். தறிச் சத்தத்தில் பரந்தாமனுக்கு எதுவும் கேட்கவில்லை, என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கௌரியம்மாள் மத்தியான பஸ்ஸில் திரும்பினாள். அவள் பூட்டைத் திறந்தபோது காஞ்சனா கூடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பரந்தாமன் வரவில்லை, சரக்குக் கட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கௌரியம்மாள் ஒரு தலையணையை எடுத்து வந்து அவள் தலைக்கு அணை கொடுத்தாள். பிறகு உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.