கையை வைங்க

பார்வதம் தட்டில் இரண்டு டம்ளர் காபியோடு கூடத்துக்கு வந்தாள். ஒன்று கணவர் ரகுநாதனுக்கு. இன்னொன்று எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அவருடைய மாணவி வனஜாவுக்கு. குனிந்து நீட்டியவள், பேச்சுக்காகத்தான் கேட்டாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"பாரிவாக்கம்ங்க."

"பாரிவாக்கத்துல எந்தப் பக்கம்?"

"காலனி."

நீண்டிருந்த தட்டு அப்படியே கணவர் பக்கம் திரும்பியது. அவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். மற்றது தட்டிலேயே சமையலறைக்குத் திரும்பிப் போனது. ரகுநாதன் அதைப் பார்க்காதவர் போல ஒரு வாய் குடித்துவிட்டு, வனஜாவை வரச்சொன்ன காரியத்தைப் பேச ஆரம்பித்தார்.

பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் அவர் மெக்கானிகல் துறைத் தலைவர். 1993-ல் அங்கே மாணவர் தொழில்முனைவோர் மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மாணவர்கள் வேலை தேடக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. சிறந்த கண்டுபிடிப்புக்குக் கேடயம், வளாகத்திலேயே ஒரு ஷெட், பாங்குக் கடனுக்குச் சிபாரிசு எல்லாம் உண்டு. இறுதியாண்டில் வனஜா செய்த கருவிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்று ரகுநாதனே வகுப்பில் சொல்லியிருந்தார். அந்தக் கருவியைத்தான் இப்போது குணசேகரன் பெயரில் காட்டப் போவதாகச் சொன்னார். குணசேகரன் அவள் வகுப்பு மாணவன். கல்லூரித் தாளாளரின் தங்கை மகன்.

அவர் கோபப்படவில்லை. மகளுக்குப் புத்தி சொல்வது போலத்தான் பேசினார். தொழில் நடத்தப் பின்னால் ஆள் வேண்டும், சொத்து வேண்டும், நாலு பேரிடம் பழக்கம் வேண்டும் என்றார்.

"உங்களுக்கெல்லாம் கவர்மென்ட்ல வேலை ஒதுக்கி வச்சிருக்காங்கம்மா. பிசினஸ் அவனுக்குத்தான் வரும். உன் வைவா மார்க்கை நான் பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியம் வாக்குறுதி மட்டுமல்ல என்பது அவளுக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

வனஜாவின் தாய் அங்கம்மா பாரிவாக்கத்து வயல்களில் நாற்று நட்டவள். வயல்கள் வீட்டுமனைகளானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டப் போனாள். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, காலால் மிதியை அழுத்தினால், மேலிருந்து உளி இறங்கித் தகட்டை வெட்டும். ஒரு மதியம் தகட்டோடு அவள் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. மறுநாள் அதே முக்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள்.

வனஜா செய்தது அந்த பிரஸ்ஸுக்கான காவல். மிதியை அழுத்தியதும் உளிக்கு முன்னால் ஒரு கம்பி வளையம் இறங்கும். வழியில் கை இருந்தால் வளையம் தட்டி நின்றுவிடும். வளையம் முழுதாக இறங்காத வரை உளி அசையாது. சைக்கிள் பிரேக் ஒயரும் கொஞ்சம் பட்டைக் கம்பியும் போதும். எந்தப் பழைய பிரஸ்ஸிலும் மாட்டலாம்.

நடந்ததைக் கேட்ட அங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அத்த ஒடச்சிட்டு வா. உனுக்கில்லாதது அவனுக்கு இன்னாத்துக்கு?"

வனஜாவுக்கும் அதே எண்ணம்தான். மறுநாள் கல்லூரிப் பட்டறையில் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்பேனரோடு கருவியின் முன்னால் நின்றாள். ஒரு நட்டைத் தளர்த்தினால் போதும், வளையத்தை முந்திக்கொண்டு உளி இறங்கிவிடும். எல்லார் முன்னிலும் குணசேகரன் அசிங்கப்பட்டு நிற்பான். அந்த முகத்தையும் ரகுநாதன் முகத்தையும் நினைத்துப் பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் கருவி கெட்டுவிட்டது என்று சொல்லி அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அப்படித் தப்ப விட அவளுக்கு மனமில்லை. நட்டை இன்னும் இறுக்கினாள்.

விழாவுக்கு எஸ்டேட்டின் பட்டறை முதலாளிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் வாடகைக்கு வந்த ஒரு பிரஸ், அதில் மாட்டிய அந்தக் கருவி, பிரஸ்ஸை ஓட்ட அதோடு வந்த வேம்புலி. டை கட்டிய குணசேகரன் உளிக்கு அடியில் ஒரு முருங்கைக்காயை வைத்தான். வேம்புலி மிதித்தான். வளையம் காயைத் தொட்டு நின்றது. அரங்கம் கைதட்டியது. ஏதாவது சிக்கிக்கொண்டால் சரிசெய்ய வேண்டும் என்று மேடையின் ஓரத்தில் வனஜாவை நிற்க வைத்திருந்தார்கள்.

பால்ராஜ் என்ற பட்டறை முதலாளி எழுந்தார். "முருங்கக்காய்க்கு நிக்குது தம்பி. கைக்கு நிக்குமா?"

நிச்சயமாக நிற்கும் என்றான் குணசேகரன்.

"அப்ப கையை வைங்க," என்றாள் வனஜா. மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை கேட்டது. "உங்க கண்டுபிடிப்புதானே."

குணசேகரன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள். அவன் பாதி தூரம் நீட்டினான். எந்த நட்டை யார் எவ்வளவு இறுக்கினார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. கை தானாக மடங்கிக்கொண்டது. வனஜா ரகுநாதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வைங்க சார். அவரு செஞ்சதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே."

அவர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் மேசையைப் பார்த்தார். போதும் போதும் என்கிற வரை வனஜா அவர்களை அப்படியே நிற்க வைத்தாள். பிறகு முருங்கைக்காயை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, தன் வலக்கையை உளிக்கு அடியில் வைத்தாள்.

"மிதிண்ணா."

வேம்புலிக்குக் கால் எழவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். வளையம் இறங்கி அவள் புறங்கையைத் தொட்டு நின்றது. உளி அசையவில்லை. போட்டோக்காரரின் பிளாஷ் மின்னியது.

இதை யார் செய்தது என்று பால்ராஜ் கேட்டார். நாலு வருடமாகக் கல்லூரிக்குள் அடக்கி வைத்திருந்த வீட்டுப் பேச்சு அவளுக்கு வந்துவிட்டது.

"கைய வெக்க யாருக்குத் தெகிரியம் கீதோ அவுங்க செஞ்சது."

கேடயத்தில் பெயர் முன்பே பொறித்தாகிவிட்டது என்று அதைக் குணசேகரனுக்கே கொடுத்தார்கள். ஷெட்டும் கடனும் அவனுக்கே போயின. வனஜா வைவாவில் தேறியதோடு சரி. பிறகு ரகுநாதன் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, குணசேகரனின் கம்பெனியில் வளையம் மாட்டும் வேலைக்கு வரச் சொன்னார். அங்கே கை வைக்கத் தெரிந்த முதலாளி வந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

குணசேகரன் எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாக ஏறினான். போன இடமெல்லாம் ஒரே பேச்சு. "கையை வைங்க தம்பி, பாக்கலாம்." முதலாளிகள் மட்டுமல்ல, பிரஸ் ஓட்டும் பெண்களும் சொன்னார்கள். சைக்கிளில் போகிறவர்கள்கூட அவனைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டினார்கள். இதையெல்லாம் வேம்புலி வந்து சொன்னபோது, வனஜா அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாள். அவளுக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. பொங்கலுக்குள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள்.

அதற்குள் கரையான்சாவடியில் ஒரு டிங்கர் கடையின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து அவள் தொழில் தொடங்கியிருந்தாள். முதல் ஆர்டர் பால்ராஜுடையது. மாட்டிய ஒவ்வொரு பிரஸ்ஸிலும் முதலில் தன் கையை வைத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அடுத்த கல்வியாண்டுக்கான கல்லூரி விளம்பரப் புத்தகம் வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் அதைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு படம்: உளிக்கு அடியில் நீட்டிய ஒரு கை. மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருந்தார்கள். கீழே 'எம் மாணவர்களின் சாதனை' என்று மட்டும் அச்சாகியிருந்தது.

அங்கம்மா அதை வாங்கி, மிச்சமிருந்த விரல்களால் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூஞ்ச வெட்டிட்டானுங்க," என்றாள். "கைய வெட்ட முடில பாரு."